ஓடாத காருக்கும் வயதாகும்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவர்களின் விளம்பரங்களில் சில வாசகங்கள் தவறாமல் வரும்: குறைவாக ஓடியது, மழையே காணாதது, குளிர்காலம் முழுக்க உறை போட்டு ஷெட்டில் நின்றது. 1988-ஆம் ஆண்டின் ஃபெராரி 328 ஒன்று இத்தனை காலத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்றால் அதன் விலை மளமளவென்று ஏறும். அதே ஆண்டு, அதே மரனெல்லோ தொழிற்சாலையில் பிறந்து, ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்ட இன்னொரு 328 அதைவிடக் கணிசமாக மலிவாகக் கிடைக்கும். காரைக் காட்சிக்கு வைக்கப்போகிறவர் முதலாவதை வாங்கட்டும். சனி, ஞாயிறுகளில் ஓட்டுவதற்கென்றே வாங்குபவர் இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இது ரசனை பற்றிய விவகாரம் இல்லை. முழுக்க முழுக்க வேதியியல்.

காரில் இருக்கும் கிலோமீட்டர் மீட்டர் ஒரே ஒரு வகைத் தேய்மானத்தைத்தான் எண்ணுகிறது. பிஸ்டன் ரிங், பேரிங், கியர்ப் பல், கிளட்ச் தட்டு ஆகியவை உரசி உரசித் தேய்வது அந்தக் கணக்கில் வரும். ரப்பர் இறுகுவது, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவது, இரும்பு துருவாவது, பேட்டரித் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகமாக உறைவது போன்றவற்றுக்கு மீட்டர் கிடையாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அவை தம் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். தினமும் அலுவலகம் போய்வரும் காரில் முதல் வகைத் தேய்மானம் முந்திக்கொள்கிறது. இரண்டாவது வகை தலைகாட்டுவதற்குள் காரையே மாற்றிவிடுகிறோம். வார இறுதிக் கார் வாரத்தில் ஐந்து நாள் சும்மா நிற்கிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் மாதக்கணக்காக நிற்கிறது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது வகைதான்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான இந்த விதி, இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டும் சொந்தக்காரரின் பர்ஸை ஏன் இப்படிப் பதம் பார்க்கிறது? அந்த எஞ்சின்கள் தாங்கும் எல்லைக்கு மிக அருகில் வேலை செய்வதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. 1994-இல் வந்த ஃபெராரி எஃப்355-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் வி8 எஞ்சினின் கொள்ளளவு 3,495 கன சென்டிமீட்டர். அன்றைய அமெரிக்க வி8-களோடு ஒப்பிட்டால் சின்ன எஞ்சின். ஆனால் அது தரும் சக்தி 380 குதிரைத்திறன். சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வரும் தொகை. கொள்ளளவு சிறிதாக இருந்தால் முறுக்குவிசை அதிகம் கிடைக்காது. ஆகவே சுழற்சியைக் கூட்டியே தீர வேண்டும். எஃப்355 தன் உச்ச சக்தியை நிமிடத்துக்கு 8,250 சுற்றில் எட்டுகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் 77 மில்லிமீட்டர் தூரத்தை நொடிக்கு 275 முறை கடக்கிறது; ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று திரும்புகிறது. சராசரி வேகம் நொடிக்கு 21 மீட்டர். சிலிண்டருக்கு ஐந்து வீதம் நாற்பது வால்வுகள். ஒவ்வொன்றும் நொடிக்கு கிட்டத்தட்ட 69 முறை திறந்து மூடுகிறது.

சின்ன எஞ்சினைப் பிழிந்து பெரிய சக்தி எடுக்கும் இந்த மோகத்துக்குப் பந்தயக் களம் ஒரு காரணம். இத்தாலிய அரசின் வரிக்கொள்கை இன்னொன்று. அங்கே பல காலம் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட காருக்கு விற்பனை வரி ஏறத்தாழ இரு மடங்கு. வரிக்கு அஞ்சியே 1980-இல் ஃபெராரி, 308-இன் எஞ்சினைச் சுருக்கி 1,991 கன சென்டிமீட்டரில் 208 என்றொரு காரை உள்நாட்டுக்கென விற்றது. வி8 எஞ்சின், ஃபெராரி முத்திரை, ஆனால் 155 குதிரைத்திறன்தான். பாவமாக இருந்ததோ என்னவோ, இரண்டே ஆண்டுகளில் அதற்கு டர்போ பொருத்திவிட்டார்கள்.

நொடிக்கு 69 முறை திறந்து மூடும் வால்வுகளை பிஸ்டனோடு தாளம் பிசகாமல் இணைப்பது டைமிங் பெல்ட். பற்கள் வைத்த ரப்பர் பட்டை, உள்ளே கண்ணாடி இழை நூல். 1973-இல் வந்த டீனோ 308 ஜி.டி.4 முதல் 360 மொடேனா வரை ஃபெராரியின் வி8-கள் எல்லாம் இந்தப் பட்டையை நம்பித்தான் ஓடின. 2004-இன் எஃப்430-இல்தான் சங்கிலிக்கு மாறினார்கள். பட்டை சத்தமில்லாமல் ஓடும், எடை குறைவு, எண்ணெய் தேவையில்லை. பிரச்சினை அதன் ரப்பரில் இருக்கிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு இணைத்திருப்பதால்தான் அது இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வருடக்கணக்கில் புகுந்து மேலும் மேலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும்; முடிச்சு கூடக் கூட நெகிழ்ச்சி போய்விடும். பரணில் கிடக்கும் பழைய காகிதக் கட்டை அவிழ்க்கும்போது அதைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் முறுக்குப்போல உடைந்து கையில் வருமே, அதே கதைதான். ஓடாமல் நிற்கும் எஞ்சினில் கூடுதலாக ஒரு கேடும் உண்டு: பட்டையின் ஒரே பகுதி மாதக்கணக்கில் சிறிய கப்பியைச் சுற்றி வளைந்த நிலையிலேயே இருந்து, அந்த வளைவிலேயே பழகிவிடுகிறது. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டாயிரம் சுற்றுக்கு ஏற்றினால் விரிசல் அங்கேதான் விழும்.

பெல்ட் அறுந்தால் என்ன? மாருதி 800-இலோ பழைய அம்பாசடரிலோ ஃபேன் பெல்ட் அறுவதுபோல ஓரமாக நிறுத்திப் புதியதை மாட்டிக்கொண்டு போகும் சமாச்சாரம் இல்லை. இந்த எஞ்சின்களில் திறந்த வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வராமல் பார்த்துக்கொள்வதே பெல்ட்டின் வேலை. அது போனால் பிஸ்டன் வால்வை இடித்து வளைக்கும். வளைந்த வால்வுகள், காயப்பட்ட பிஸ்டன், சில சமயம் உடைந்த ஹெட். ஒரு ரப்பர் பட்டை முழு எஞ்சின் வேலையை இழுத்துவிட்டுவிடும். இதனால்தான் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

அந்த பெல்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் வாங்கும் காரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்வேன். 308, 328 இரண்டிலும் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் காரின் பக்கவாட்டை நோக்கியிருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றி அந்த வழியாகக் கையை விட்டு வேலையை முடித்துவிடலாம். 1989-இல் வந்த 348-இல் எஞ்சினை நீளவாட்டில் திருப்பினார்கள். ஓட்டும் சமநிலைக்கு அது நல்லது. ஆனால் பெல்ட் இப்போது சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே 348-க்கும் அதன் வாரிசான எஃப்355-க்கும் பெல்ட் மாற்ற வேண்டுமானால் காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சட்டத்தோடு கீழே இறக்க வேண்டும். 1999-இன் 360 மொடேனாவில் புத்தி வந்தது. சீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு வைத்தார்கள், உள்ளிருந்தே பெல்ட்டைத் தொடலாம். இந்தக் கார்கள் எல்லாமே நிறுத்தத்தில் பார்க்க அக்கா தங்கைகள்போல அழகாகவே இருக்கும். ஒர்க்‌ஷாப் பில்லில்தான் வித்தியாசம் தெரியும்.

சேமித்து வைக்கும் நல்லெண்ணத்தோடு பலரும் ஒரு காரியம் செய்வார்கள். வாரம் ஒருமுறை ஷெட்டுக்குப் போய் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவார்கள். பேட்டரி டவுனாகாமல் இருக்கும் என்று எண்ணம். இதைவிட அந்த எஞ்சினை அப்படியே விட்டுவைத்திருக்கலாம். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. எரியும்போது ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். குளிர்ந்த காலையில் சைலன்சர் குழாயிலிருந்து சொட்டுவது அதுதான். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் இந்த நீர் ஆவியாக வெளியேறிவிடும். சூடேறாத எஞ்சினில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருள் கசடுகளோடு சேர்ந்து இது மெல்லிய அமிலமாகி பேரிங்குகளின் மேற்பூச்சை அரிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சளாகக் கூழ் படிந்திருந்தால், அந்தக் கார் நின்ற இடத்திலேயே உறுமி அடங்கிய கார். கூலண்ட் முள் நடுவில் வந்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டினால்தான் நீர் வெளியேறும்.

மெக்கானிக்குகள் நடுவே இத்தாலியன் டியூன்-அப் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: மக்கர் செய்யும் காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் எஞ்சின் அலறும்வரை ஓட்டினால் சரியாகிவிடும் என்பது. வேடிக்கையில் விஷயம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். சும்மா நின்று ஓடும் எஞ்சினில் பிளக் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. இந்த எஞ்சின்களை விரட்டி ஓட்டுவது கொடுமை அல்ல, பராமரிப்பு. ஆயில் சூடான பிறகு என்ற நிபந்தனையோடு.

ரப்பர் பெல்ட்டோடு முடிவதில்லை. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் சுழலும் தண்டுகள் வெளியே வரும் இடமெல்லாம் ஆயில் சீல் இருக்கிறது. அதன் மெல்லிய உதடு எண்ணெயில் நனைந்தபடி இருந்தால் பல காலம் வாழும், உலர்ந்தால் இறுகிக் கசியும். டயர் தயாரிப்பவர்கள் ஓசோன் வாயு ரப்பரைத் தாக்காமலிருக்க மெழுகும் வேறு சில பொருட்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து காப்புப் படலமாகின்றன. நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு புதுப்பிக்கப்படுவதில்லை. குறைவாக ஓடிய காரில் டயரின் வெட்டு ஆழமாக, புதிதுபோலவே இருக்கும். ரப்பர் மட்டும் கட்டையாகியிருக்கும். மழைச் சாலையில் 328-இன் 270 குதிரைத்திறனை அந்தக் கட்டை டயரிடம் ஒப்படைப்பது தற்கொலைக்குச் சமம். வாங்கப் போகிறவர் டயரின் பக்கச் சுவரில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். எவ்வளவு வெட்டு மிச்சமிருந்தாலும் அதற்கு விலை கிடையாது.

பிரேக் ஆயில் இன்னும் மோசம். கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆன அது காற்றிலுள்ள ஈரத்தை விரும்பி இழுக்கும்; ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் உள்ளே போய்ச்சேரும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்குகிறது. மலைச் சாலையில் இறங்கும்போது நாலைந்து முறை அழுத்திப் பிடித்தால் பிரேக் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ஓட்டத்தான் இத்தகைய காரை வாங்குகிறார்கள் என்பதை நினைவில் வைக்கவும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றால் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. நம்மூரில் இ20 வந்தபிறகு எழுந்த கூக்குரலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எத்தனாலும் ஈரத்தை உறிஞ்சும். எழுபதுகளில் செய்த பெட்ரோல் குழாயின் ரப்பரை ஊறவைத்து இளக்கும். ஆரம்ப கால 308-களில் நான்கு வெபர் கார்புரேட்டர்கள் சூடான எஞ்சினின் நடு வயிற்றில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒரு குழாய் கசிந்தால் நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை.

துரு பற்றிச் சொல்லாமல் இத்தாலியக் கார் பற்றிப் பேசவே முடியாது. எழுபதுகளின் ஃபியட், ஆல்ஃபா, லான்சியா எல்லாம் பிரிட்டிஷ் குளிர்காலத்தில் கரைந்துபோனதற்குக் காரணமாக ஒரு கதை சொல்வார்கள்: சோவியத் நாட்டில் ஃபியட் கட்டிக்கொடுத்த தொல்யாத்தி தொழிற்சாலைக்குக் கூலியாக மட்டமான ருஷ்ய இரும்பு வந்தது, அதைக்கொண்டு கார் செய்தார்கள் என்று. நான் நம்புவதில்லை. ருஷ்யாவை இழுக்காமலேயே துருவுக்கு விளக்கம் போதுமானதாக இருக்கிறது. காரின் உடல் என்பது தகடுகளை மடித்துப் பற்றவைத்த வெற்றுப் பெட்டிகளின் தொகுப்பு. கதவுக்கு அடியில் ஓடும் சட்டத்துக்குள் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல், உள்ளே பெயின்டும் ஒழுங்காகப் படாமல் இருந்தால் இரும்பு எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன? காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகி மின்வேதி வினை தொடங்கிவிடும். சாலையில் பனி உருக்கத் தூவிய உப்பு அந்த நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி வினையை விரைவாக்கும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. மடிப்புக்குள் உருவானால் தகடுகளைப் பிளந்துகொண்டு வெளியே வரும். போர்ஷே நிறுவனம் 1976-ஆம் ஆண்டு மாடல் முதல் 911-இன் தகடுகளுக்கு முழுக்கத் துத்தநாகம் பூசிவிட்டது. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். இத்தாலியர்கள் தாமதித்தார்கள். 1980-இல் பிரிட்டனில் லான்சியா பீட்டா கார்களில் எஞ்சினைத் தாங்கும் சட்டமே துருப்பிடித்து, விற்ற கார்களை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலை வந்தது. அந்தப் பெயர்க்கேட்டிலிருந்து லான்சியா அங்கே மீளவே இல்லை.

பிளாஸ்டிக் உறையால் இறுக மூடி ஈரத் தரையில் நிறுத்திய காரில் இந்த வினை ஓடும் காரைவிட வேகமாக நடக்கும். ஆக, மழையே காணாதது என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, எங்கே நின்றது என்று கேட்க வேண்டும்.

துருவின் தம்பி மின்சாரக் கோளாறு. இத்தாலிய வயரிங்கைக் கேலி செய்யாத கார் பத்திரிகை கிடையாது. ஆனால் பெரும்பாலும் கோளாறு வயரில் இருப்பதில்லை, முனைகளில் இருக்கிறது. ஃபியூஸ் உட்காரும் பித்தளைக் கிளிப்பில் பாசிபோல ஆக்சைடு படிந்தால் அங்கே மின்தடை கூடும். 15 ஆம்பியர் ஓடும் முனையில் 0.2 ஓம் தடை இருந்தால் அங்கே 45 வாட் வெப்பம் உருவாகும். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னின் சூடு. 308-இன் ஃபியூஸ் பாக்ஸ் உருகிக் கருகுவது இப்படித்தான். தொண்ணூறுகள், இரண்டாயிரங்களில் வந்த ஃபெராரி, மாசெராட்டிகளின் உள்ளே இன்னொரு அவஸ்தை: ஏசி பட்டன்களுக்கு மென்மையான தொடுஉணர்வு தருவதற்குப் பூசிய பாலியூரிதேன் படலம், காற்றின் ஈரத்தால் மூலக்கூறுப் பிணைப்புகள் அறுந்து, பலாப்பால் தடவியதுபோலப் பிசுபிசுக்கும். நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். இதற்கும் ஓடிய தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, ஒரு காரைப் பார்க்கப் போகிறீர்கள். கிளம்புமுன் விற்பவரிடம், நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்பி வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. ஆல்ஃபா ரோமியோவின் ஸ்பைடர் என்றால் இது இன்னும் முக்கியம். அதன் கியர்பாக்ஸில் இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் சீக்கிரம் தேயும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த வளையத்தால் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுத்துப் பற்ற முடியாது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் கரகரவென்று பல் கடிக்கும். சூடான பிறகு அதே கார் வெண்ணெயாக மாறும், உங்களுக்கு எதுவும் தெரியாது.

ஃபெராரிக்குக் கம்ப்ரஷன் பார்த்தால் போதாது, லீக்-டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். வெளியாள் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய்ச் செய்வது நல்லது. ஒரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வு வகையும் மூடியிருக்கும் நிலையில், பிளக் துளையில் ஒரு குழாயை முறுக்கி அழுத்தக் காற்றைச் செலுத்துவார். கருவியில் இரண்டு கேஜ்: ஒன்று உள்ளே போகும் காற்றின் அழுத்தம், மற்றது சிலிண்டரில் தங்கும் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கசிவு. பத்து சதவீதத்துக்குள் என்றால் சந்தோஷம். இருபதைத் தாண்டினால் கவலை. அதைவிட அழகான பகுதி, காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரவில்லை. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் மூடியைத் திறந்தால் கேட்கிறது என்றால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். எட்டு சிலிண்டர்களுக்கும் எண் எழுதி, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆரம்ப கால எஃப்355-களில் வெண்கல வால்வு கைடுகள் அகாலத்தில் தேய்ந்தது ஊரறிந்த விஷயம். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான். நீண்ட நாள் நின்ற காரில் சிலிண்டர் சுவரில் லேசாகத் துரு ஏறி ரிங் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதில் தெரியும்.

உடலைப் பார்க்க பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவி போதும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்வரை இருக்கும். ஓரிடத்தில் 300-ஐத் தாண்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரம் காட்டினால் அடியில் டிங்கர் வேலையும் பட்டியும் இருக்கிறது. பளபளப்பில் மயங்காமல் சொல்லும் சாட்சி அது.

பிறகு காகிதம். பிரிட்டனில் வருடாந்திரத் தகுதிச் சோதனையின் முடிவுகளை அரசே இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. வண்டி எண்ணைப் போட்டால் ஒவ்வொரு ஆண்டும் மீட்டர் எவ்வளவு காட்டியது, சோதித்தவர் எதைக் குறைசொன்னார் என்று வரும். மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது நம் ஊருக்கு மட்டும் உரிய கலை அல்லவே. தொடர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் மீட்டர் நூறு மைல்கூட நகரவில்லை என்றால் அது நின்றே வயதான கார். நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்பதால், அங்கே பில் கட்டை மட்டுமே நம்ப வேண்டும். தடிமனான கோப்போடு வரும் காரைக் கண்டு பயப்படாதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு பில்லும் இன்னொருவர் உங்களுக்காக ஏற்கெனவே கட்டிய பணம்.

இந்தியாவுக்குள் இப்படிப்பட்ட பழைய காரைக் கொண்டுவரச் சட்டம் எளிதில் இடம் கொடுக்காது. இந்த யோசனை அந்த நாடுகளில் வசிப்பவர்களுக்கு. ஆனாலும் ஒரு சொந்தம் உண்டு. 1966-இல் பினின்ஃபரினா வடிவமைப்பில் வந்த ஃபியட் 124 ஸ்பைடர், ஃபியட் 124 குடும்பக் காரின் அடித்தளத்தைச் சுருக்கிச் செய்தது. எண்பதுகளில் பிரீமியர் 118 என்.இ. என்ற பெயரில் நிசான் எஞ்சினோடு நம் சாலைகளில் ஓடியது அந்த 124-இன் உடல்தான். ஸ்பைடரிலோ ஆரேலியோ லம்ப்ரெடி செய்த இரட்டை கேம் எஞ்சின். ஃபெராரியில் வி12-கள் படைத்துவிட்டு ஃபியட்டுக்கு வந்தவர் அவர்.

என் சிபாரிசு இதுதான். முதல்முறை வாங்குபவர் என்றால் ஆல்ஃபா ஸ்பைடர் வாங்குங்கள். முடிந்தால் 1990 முதல் 1993 வரை வந்த நான்காவது வரிசை. டைமிங்குக்கு சங்கிலி, பெட்ரோலுக்கு நம்பகமான பாஷ் இன்ஜெக்‌ஷன். 1966 முதல் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் என்பதால் உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அடிச்சட்டத்தில் துரு மட்டும் கூடாது; எஞ்சின் கெட்டிருந்தால் சரிசெய்துவிடலாம், உடல் கெட்டிருந்தால் விட்டுவிடுங்கள். குதிரைச் சின்னம் இல்லாமல் மனம் ஆறாது என்பவர் 328-க்குப் போகலாம். 360-இல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸ் இருந்தால், கணினியை மாட்டிக் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்355-இன் சத்தத்துக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். அண்மையில் எஞ்சினை இறக்கி வேலை பார்த்த பில் இல்லாவிட்டால் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட வேண்டாம். டயர், பிரேக் ஆயில், பெட்ரோல் குழாய்கள், பெல்ட் உள்ள எஞ்சினானால் அதுவும்: இவற்றில் தேதியோடு பில் இல்லாத எதையும் முதல் நீண்ட பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.